ஒழுகும் அறை

"மழைக்கு இந்த அறை ஒழுகும். உப்புக்காத்து ஜன்னல் கம்பி எல்லாத்தையும் திண்டுட்டுது."

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இருந்த தன் பழைய ஓட்டு வீட்டைப் பார்க்க வந்தவரிடம் பத்மாசனி சொன்னாள். மகள் ரூபிகா பல்லைக் கடித்தாள்.

வந்தவர் சிரித்தார். "அதெல்லாம் பரவாயில்லை அக்கா. கேட்ட விலைக்கு மேலையே தாறன்."

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி."

அவர் போனதும் ரூபிகா பொரிந்தாள். "விக்கிற வீட்டை ஆராவது குறை சொல்லுவினமோ? உங்களுக்கு விக்க மனமில்லை அம்மா."

கரையோர ரயில் போக, நிறக்கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுத்தான் பத்மாசனி பின்னேரத் தேநீருக்கு அடுப்பு மூட்டுவாள்.

அடுத்து ஸைதும் மனைவி பர்ஹாவும் வந்தார்கள். பத்மாசனி அதே குறைகளைச் சொன்னாள். பர்ஹா முகட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"ஓடு மட்டும் மாத்தினாப் போதுமா ஆன்ட்டி? மரமும் பழுதா? திருத்த நிறையச் செலவாகுமே. வெலையக் கொஞ்சம் கொறைங்களேன்."

"குறைக்கிறன் பிள்ளை. வீடு உங்களுக்குத்தான்."

அவர்கள் மகிழ்ச்சியோடு போனதும் ரூபிகா திகைத்துப்போய்க் கேட்டாள். "முதல் வந்தவர் விலை கூட்டித் தாறனெண்டார். இவைக்கு ஏன் குறைச்சுக் குடுக்கிறீங்கள்?"

பத்மாசனி அடுப்பை மூட்டினாள். "இடிச்சுப்போட்டு ஃப்ளாட்ஸ் கட்டப்போறவருக்கு வீடு ஒழுகினால் என்ன, ஒழுகாட்டி என்ன? இருக்கப்போற ஆக்கள்தான் பிள்ளை, திருத்துறதைப் பற்றிக் கேப்பினம்."