ரெண்டு பூட்டு வீட்டு ஏ.சி.

அந்தக் குடியிருப்பில் 'ரெண்டு பூட்டு' என்றால் வாட்ச்மேன் முதல் பேப்பர் போடுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது மாடி மனிதர். பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கினாலும் கதவுக்கு இரண்டு பூட்டு போடுவார். இழுத்துப் பார்ப்பார். பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவையும் இழுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஏ.சி. பெட்டி வந்து இறங்கி இரண்டு நாளாகிறது. "மாட்டுறதுக்கு வேற ஆளுங்க வருவாங்க சார், அவங்களே போன் பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

போனும் வந்தது.

"சார், ஏ.சி. மாட்ட நேரம் குறிக்கணும். அதுக்கு முன்னாடி சில விவரம் வேணும். பெட்ரூம் ஜன்னல்ல கம்பி இருக்கா? பால்கனியில ஆள் நிக்க இடம் இருக்கா? சுவரை ஒட்டி பீரோ கீரோ இருக்கா? அன்னிக்கு வீட்டுல யார் யார் இருப்பீங்க?"

ரெண்டு பூட்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலில் காட்டிக்கொள்ளாமல், நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

"ஜன்னல் கம்பியும் பீரோவும் இவனுக்கு எதுக்கு? நோட்டம் பார்க்கிறான்!" என்றார் மனைவியிடம்.

"ஏங்க, அஞ்சு வருஷமாக் கேட்டு இப்பத்தான் ஒரு ஏ.சி. வந்திருக்கு. உங்க புத்தியைக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராகப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

எதிர்வீட்டுக்காரர் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். அவரையும் ரெண்டு பூட்டு சும்மா நம்பிவிடவில்லை. ஆறு மாதம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்த பிறகுதான் வணக்கமே சொன்னார்.

"சேச்சே! பாவம், வயித்துப் பிழைப்புக்கு வர்றவங்க. எடுத்த எடுப்புலயே சந்தேகப்படலாமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "பயமா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க."

"சொன்னா தப்பிச்சுடுவான் சார். உள்ளே விட்டு, பீரோவுல கை வைக்கும்போது கையும் களவுமாப் பிடிக்கணும்."

"அப்ப நகையை எல்லாம் பேங்க் லாக்கர்ல வச்சிடுங்க."

"லாக்கரா? அதுக்கு இன்னொரு சாவி அவங்ககிட்ட இருக்கு சார்!" என்ற ரெண்டு பூட்டு, குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு நாள், உங்க வீட்டுல இருக்கட்டுமே?"

எதிர்வீட்டுக்காரர் பதறிப் போனார். "ஐயோ, ஆளை விடுங்க சார்! நாளைக்கு ஒரு மோதிரம் குறைஞ்சாலும் என் தலையில விழும்" என்று கதவைச் சாத்தவே போய்விட்டார். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைப்பதற்குள் ரெண்டு பூட்டுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்போதும் எதிர்வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். பையைப் பூட்டித்தான் கொடுக்க வேண்டும், சாவி தன்னிடம் இருக்கக் கூடாது.

இருபது வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகள் அன்று மாலையே ஒரு பைக்குள் போயின. மனைவிக்கு மனசே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தாள். பைக்கும் இரண்டு பூட்டு விழுந்தது; அன்றிரவே அது எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஒன்பதரைக்கே, மாப் குச்சியும் கையுமாகப் படுக்கையறைக் குளியலறையில் பதுங்கினார் ரெண்டு பூட்டு.

பத்தாயிற்று. பத்தரை ஆயிற்று. உள்ளே வியர்த்துக் கொட்டியது.

"ஏங்க, வெளியே ஏதோ தடபுடன்னு சத்தம் கேக்குது. கதவைத் திறந்து பார்க்கட்டுமா?"

"மூச்! மணி அடிக்கிற வரைக்கும் திறக்காதே. ஆழம் பார்க்கிறான்."

பதினொன்றரைக்கு மணி அடித்தது. ஏணியும் டிரில்லிங் மெஷினுமாக இரண்டு பேர் வந்தார்கள். ரெண்டு பூட்டு கதவிடுக்கில் கண்ணை வைத்தார். ஒருவன் பீரோவை நெருங்கினான். இவர் மாப் குச்சியை ஓங்கினார். அவன் பீரோவை மெல்ல நகர்த்தி, தூசி படாமல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுச் சுவரில் துளை போடப் போனான்.

அவ்வளவுதான். குழாய் பொருத்தினார்கள், பால்கனியில் பெட்டியை நிறுத்தினார்கள், விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளி, தரையையும் துடைத்தார்கள். ஏ.சி. சில்லென்று ஓடத் தொடங்கியது.

ரெண்டு பூட்டு அசடு வழிய வெளியே வந்தார்.

"மாப் வேண்டாம் சார், தரையை நாங்களே துடைச்சிட்டோம்" என்றார் ஏ.சி. மெக்கானிக்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உழைக்க வந்தவர்களைத் திருடர்கள் என்று நினைத்துவிட்டோமே! இனி யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று குளிர்ந்த காற்றில் நின்றபடி முடிவு செய்து, மெக்கானிக் நீட்டிய தாளில் முதல்முறையாகப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

தாளை மடித்தபடியே மெக்கானிக் சொன்னார்:

"லேட்டானதுக்குக் கோச்சுக்காதீங்க சார், பத்துக்கே வந்துட்டோம், உங்க எதிர்வீட்டு சார்தான், அவசரமா வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்புறேன்னு சொல்லி, அவர் ஏ.சி.யைக் கழட்டி வண்டியில ஏத்துற வரைக்கும் எங்களை விடல."