வெறும் பொரி

“என் மகன் பிரபுவைப் புடிச்சு உள்ளே வைங்க சார்.”

காவல் ஆய்வாளர் நிமிர்ந்தார். “என்னம்மா பண்ணினான்?”

திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடி வந்த மங்களாம்பிகை மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

“சின்ன வயசுலேயே வயல்ல எலி சாகிறதை உட்கார்ந்து ரசிப்பான் சார். எலி உஷாரானது. எடுத்த எடுப்பிலேயே மருந்து வச்சா தொடாது. முதல்ல சில நாள் எண்ணெய் புரட்டின வெறும் பொரியை வளைகிட்ட வைப்போம். பயம் விட்டு எல்லா எலியும் வர ஆரம்பிச்சதும் அதே பொரியில மருந்தைக் கலப்போம். அவன்தான் ஆசையா கலப்பான்.”

“விவசாயி வீட்ல இது சகஜம்தானேம்மா?”

“சிங்கப்பூர்ல வேலை போய்த் திரும்பினப்ப தெருவே அவனைக் கேலி பண்ணுச்சு. அப்பலேருந்து கதவைச் சாத்திக்கிட்டு, ‘ஒருத்தரையும் விடமாட்டேன்’னு தனக்குத்தானே பேசுவான்.”

“இப்பவும் அப்படித்தானா?”

“இல்ல சார். திருந்திட்டேங்கிறான். ஒரு வாரமா தெருவுக்கே சாம்பார் சாதம் போடுறான்.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். “புண்ணியம் பண்றவனையா புடிக்கச் சொல்றீங்க?”

“முதல்ல யாரும் கிட்ட வரலை சார்.” அவள் மேசைப் பக்கம் குனிந்தாள். “இன்னிக்கு ஒரு வீடு பாக்கியில்லாம வந்து நிக்கிறாங்க.”