தாழ்வாரத்துப் பாடம்

தண்ணீர் தரட்டுமா என்று கேட்டதும் புது ஹெட்மாஸ்டர் தாமோதரன் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார். கை கழுவத்தான் போலிருக்கிறது என்று முனிரத்தினம் வாத்தியார் ஒரு செம்பு ஊற்றிவிட்டு, குடிப்பதற்குத் தம் வெள்ளி டம்ளரையே கொடுத்தார்.

பள்ளிக்கூட முற்றத்தில் நின்று இதைப் பார்த்த மங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக மாரிகுப்பம் ரயிலில் வந்திறங்கிய இந்த ஆளும் வாத்தியாரின் சாதிக் கூட்டம்தான். இனி யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அவள் மகள் குணசுந்தரிக்கு ஆறு மாதமாக வெயிலோ மழையோ தாழ்வாரம்தான். சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் ஜன்னல் வழியாக. முந்தாநாள் சாரலுக்கு ஒதுங்கி வாசற்படி ஏறிவிட்டாள் என்று, அவளுடைய சிலேட்டுப் பலகையைப் பிடுங்கி உடைத்திருந்தார் வாத்தியார்.

அந்தச் சில்லுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, ஷிஃப்டுக்கும் போகாமல் வந்திருந்தாள் மங்கம்மா. ஹெட்மாஸ்டரும் கைவிரித்தால் அவற்றை வாத்தியார் மூஞ்சியிலேயே வீசிவிட்டு மகளைக் கூட்டிப் போய்விடுவது. அப்புறம் ஊரே திரண்டு வந்து அடித்தாலும் சரி.

இருவரும் வெளியே வந்தார்கள். இவள் யார் என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். தங்கச் சுரங்க மில்லில் கல் பொறுக்குகிறவள், சேரி என்று மூக்கைச் சுளித்தார் வாத்தியார்.

“இதுங்கள உள்ள விட்டா நம்ம பசங்க ஸ்கூலுக்கு வராம நின்னுடுவாங்க சார். நீங்களும் நம்மவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். மங்கம்மாவின் விரல்கள் முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.

“கூட உக்கார முடியாதவங்க வெளியவே இருக்கட்டும். அது சரிதான்” என்றார் அவர். “நாளையிலேருந்து சேரிப் பசங்க உள்ள. முடியாதவங்க தாழ்வாரத்துல. நீங்களும் அங்கியே நின்னு பாடம் சொல்லுங்க.”

வேடிக்கை என்று நினைத்து வாத்தியார் சிரித்தார். ஹெட்மாஸ்டர் சிரிக்காததைக் கண்டு அவர் முகம் வெளுத்தது. அதைப் பார்க்கப் பார்க்க மங்கம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் ஒன்று புரியவில்லை. சொந்த ஜனத்தையே பகைத்துக்கொள்கிறாரே, இவருக்கு இன்னா வந்தது?

அதை அவரிடமே கேட்டுவிட்டாள்.

அவர் வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னார்:

“எங்க வூடும் சேரியிலதான், அக்கா.”