பத்து நிமிட எண்

“ஆறு இலக்க நம்பர் ஒண்ணு உன் ஸ்கிரீன்ல வந்திருக்கும். அதைச் சொல்லு,” என்றது போனில் கணவரின் குரல்.

வந்துதான் இருந்தது. ஸ்கேன் மெஷின் பழுது பார்க்க வெளியூர் போன கம்பெனி இன்ஜினியர் யாராவது மருத்துவமனைப் பதிவுகளைத் திறக்க வேண்டுமென்றால் அவள் மேஜைக்கு ஓர் எண் வரும். அதை அவள் போனில் சொல்லி, அவர் அங்கே தட்டினால்தான் திறக்கும். உள்ளே நாலாயிரம் நோயாளிகளின் வியாதியும் விலாசமும் இருந்தன. எண்ணுக்கு ஆயுள் பத்தே நிமிடம்.

“எங்கேர்ந்து பேசறீங்க?” என்று கேட்டாள்.

ஒரு சின்ன இடைவெளி. லைன் சரியில்லையோ என்னவோ, ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அப்படித்தான் ஆனது. லாட்ஜிலிருந்து பேசுவதாகவும், ஸ்கேன் மெஷின் வேலை பாதியில் நிற்பதாகவும் சொன்னது குரல். அதே கரகரப்பு, வாக்கியம் முடியும்போது மூக்கால் அதே இழுப்பு.

வெளியூர் போகிறவர்களுக்குப் பதினோரு விதிகளை எழுதியவளே அவள்தான். கண்ட இடத்தில் சார்ஜ் போடாதே, பையைக் கண்ணிலிருந்து விடாதே, போனுக்குக் கெட்டியாகப் பூட்டுப் போடு. அலுவலகமே பயபக்தியோடு கேட்கும், அங்கேயே இன்ஜினியரான கட்டினவர் மட்டும் காதில் வாங்க மாட்டார். ‘பூட்டு மகாராணி’ என்று கேலி வேறு.

அவர் போனுக்குப் போட்ட பூட்டு விரலால் இழுக்கிற ஒற்றைக் கோடு, பச்சைக் குழந்தைகூடத் திறந்துவிடும். எழுத்தடிக்க மகா சோம்பல். காய்கறிப் பட்டியலிலிருந்து கல்யாண நாள் வாழ்த்து வரைக்கும் பேசிப் பதிவு செய்துதான் அனுப்புவார். அப்படிப்பட்ட குரல் பதிவுகள் அந்தப் போனில் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

“சாப்பிட்டீங்களா?”

இடைவெளி. “ஆச்சு, ஆச்சு. நம்பரைச் சொல்லு.”

மாத்திரை போட்டாரா, இருமல் நின்றதா, அறையில் காற்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிடம் போயிருந்தது.

எதிர் மேஜை மேலாளர் எழுந்து வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார். அதிலிருந்த பெயரைப் படித்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. “இவரோட லாகின் கணக்கை இன்னுமா மூடலை?” என்றார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷன், இதை மட்டும் மெதுவாகக் கேட்டார்.

அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஒரு துண்டுத் தாளில் ‘போனை வைத்துவிடுங்கள்’ என்று எழுதி நீட்டியவர், அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு வைக்க மனம் வரவில்லை.

“ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்களேன்,” என்றாள்.

இந்த முறை இடைவெளி சற்று நீண்டது. பிறகு கூப்பிட்டது. முழுப் பெயர் இல்லை, வீட்டில் அவர் மட்டும் கூப்பிடுகிற பாதிப் பெயர். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

இப்போதாவது சொல்லக்கூடாதா, வேலை நிற்கிறதே என்று கெஞ்சியது குரல். எண் கண்ணெதிரே இருந்தது. அந்தக் குரல் கேட்டு எதையும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. சொல்லித் தொலைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அங்கே மழையா வெயிலா என்று கேட்டாள்.

பத்தாவது நிமிடம் முடிந்தது. எண் சிவப்பாகி மறைந்தது. இத்தனை நாள் கை வராமல் தள்ளிப்போட்டிருந்த காரியத்தை அவள் அப்போது செய்தாள், அந்தக் கணக்கை மூடினாள். மூடு என்ற பொத்தானை அழுத்த இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

நேரம் போய்விட்டதே என்று அலுத்துக்கொண்டது குரல். இன்னொரு எண் கேட்டு வாங்குவதாகவும், அதையாவது உடனே சொல்லும்படியும் சொன்னது.

“இனிமே நம்பர் வராது, தம்பி,” என்றாள் அவள். “அவர் இறந்து அஞ்சு வாரமாச்சு. அவரோட பையும் போனும் எங்க போச்சுன்னுதான் நாங்க தேடிட்டிருந்தோம். அதுல கிடந்த பேச்சை வெச்சு கம்ப்யூட்டர்ல அவர் குரலையே செஞ்சிருக்கே.”

லைன் இன்னும் அறுந்திருக்கவில்லை.

“வெச்சிடாதே,” என்றாள். “அவர் குரல்ல இன்னும் கொஞ்ச நேரம் பேசு.”