பிளாக் பத்தொன்பது

ஒரு மனிதனின் விதி நேர்காணல் அறையில்தான் எழுதப்படுகிறது என்று பயிற்சி மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே கழிப்பறைக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

விஜயராஜ் அந்த மையத்தில் நாற்பது நாள் படித்தவன். டிப்ளமா முடித்து மூன்று வருடமாகச் சும்மா இருந்தவன். இன்று சுரங்கத்துக்கு வேலை எடுத்துச் செய்யும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில், விண்ணப்பமில்லாமல் நேரே வரச்சொன்ன ஒரே ஒரு சூப்பர்வைசர் வேலைக்காக, மூன்று பேர் எதிரில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான்.

கன்வேயர் பெல்ட் ஏன் ஒரு பக்கமாக ஒதுங்கும்? சொன்னான்.

நிலக்கரிக் குவியல் தானாகத் தீப்பிடித்தால்? அதையும் சொன்னான், கையை அளவாக அசைத்து.

உங்கள் பலவீனம்? வேலையென்று வந்துவிட்டால் சாப்பாடு மறந்துவிடும் என்றான். மையத்தில் எல்லோருக்கும் கொடுத்த பலவீனம் அது.

"எந்த ஊரு தம்பி?" என்றார் நடுவில் இருந்தவர், போகிற போக்கில்.

"இங்கதான் சார். பொறந்தது வளர்ந்தது எல்லாம் மைன்ஸ் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ். பிளாக் பத்தொன்பது."

"சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வந்து மெஷினை மறிச்சா என்ன பண்ணுவீங்க?"

"அவங்களுக்கு விவரம் பத்தாது சார். பக்குவமா பேசி அனுப்பிடலாம்."

மூவரும் தலையாட்டினார்கள். ஓரத்து அம்மையார் சிரிக்கவே செய்தார்.

நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார்.

"பதில்னா இப்படி இருக்கணும். ஆனா பாருங்க, இந்த போஸ்ட் மைன்ஸுக்கு நிலம் குடுத்த குடும்பத்துக்குன்னு ஒதுக்கினது. நோட்டீஸ்ல கீழ பொடி எழுத்துல போட்டிருந்தோம். உங்களுக்கு அப்படி ஏதாவது..."

விஜயராஜ் வாயைத் திறந்தான்.

சற்று முன் சொன்ன 'விவரம் பத்தாது' இன்னும் மேசைமேல்தான் கிடந்தது.

"இல்லைங்க சார்" என்றான். தெளிவாக, கண்ணைப் பார்த்து, மையத்தில் சொல்லித்தந்தபடி.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவன் அப்பா கலியமூர்த்தி நின்றிருந்தார். உள்ளே வர வேண்டாம் என்று இவன்தான் சொல்லியிருந்தான். மகனைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார். கக்கத்தில் மஞ்சள் பை. அதற்குள், மூன்று ஏக்கர் சுரங்கத்துக்குப் போனதற்கான சர்ட்டிபிகேட், பிளாஸ்டிக் உறையில்.

"இதைக் கேட்டாங்களாடா? கேப்பாங்கன்னுதான் காலையிலேர்ந்து வச்சிக்கினு நிக்கிறேன்."

"இல்லப்பா."

"அப்ப நல்லாத்தான் பதில் சொல்லியிருப்ப" என்றார் அப்பா, நிம்மதியாக.

இருவரும் தங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

பிளாக் பத்தொன்பதுக்கு விஜயராஜ் இதுவரை ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறான். இன்று காலை, சட்டைக்கு இஸ்திரி போட.