கரகரப்பு

தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரல் போனபிறகு, என் கணவர் தட்டச்சு செய்வதைக் கணினியோடு இணைத்த ஒரு சிறிய பெட்டிதான் பேசியது. பழைய கணினி பழுதானதும் புதியது வாங்கினோம். அது பெட்டியைக் கண்டுகொள்ளவேயில்லை. புதியதிலேயே இனிய ஆண்குரல் ஒன்று இருந்தது. தொலைபேசியில் அதைக் கேட்ட எங்கள் மகள், "யாருங்க பேசறது?" என்றாள். அன்றோடு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார்.

பெட்டி செய்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. ஷமீமா என்ற மென்பொருள் பொறியாளர் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அதைக் கணினியோடு இணைக்கும் பழைய டிரைவர் நிரலை வரிவரியாகப் படித்து, புதிய கணினிக்கு ஏற்பத் திருத்தி எழுதினாள். ஒரு மாலை அவர் தட்ட, பெட்டி வாய்திறந்தது. "காப்பி வருமா, இல்ல அதுக்கும் டிரைவர் எழுதணுமா?"

ஷமீமா சிரித்துவிட்டாள். அவருடைய பழைய பெட்டிக்குரலேதான். ஆனால் நான் திடுக்கிட்டு நின்றேன்.

"அவர் தட்ட ஆரம்பிச்சதும் ஒரு கரகரப்பு வருமேம்மா?"

"அது பழைய டிரைவரோட கோளாறு ஆன்ட்டி. சரி பண்ணிட்டேன்."

"அதக் கேட்டுத்தான் அடுப்படியிலேர்ந்து திரும்பிப் பார்ப்பேன்."

ஷமீமா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, சரிசெய்ததை மறுபடி கோளாறாக்க உட்கார்ந்தாள். குரலுக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெடவில்லை. "இவ்ளோ போதுமா? இன்னும் கொஞ்சம் முன்னாடி வரணுமா?" என்று கேட்டுக்கேட்டு, நான் தலையசைக்கும்வரை விடவில்லை. எங்கள் இருவருக்கும் இடையே இருப்பதை இவ்வளவு நுணுக்கமாக யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

அவள் போனபின் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்தில் பெட்டி கரகரத்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் இன்னும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார், நான் பார்க்கிறேனா என்று நிமிர்ந்து பார்த்தபடி.