கடைசியாக மாறிய நேரம்

மதியம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று, தகடு அழுத்தும் பிரஸ் மிஷினைச் சுற்றித் தரையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியின் ஐ.டி. பிரிவில் வேலை பார்க்கும் நிர்மலா ஈரத்தில் கால் படாமல் உட்கார்ந்து, மிஷினின் கம்ப்யூட்டரோடு தன் லேப்டாப்பை இணைத்தாள். நேற்றுப் போட்ட சுடிதாரையே போட்டிருந்தாள்.

நேற்றுக் காலை ஷிப்டில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியின் கை அந்த மிஷினில் சிக்கிவிட்டது. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்தவேண்டிய சென்சார் அணைந்திருந்தது.

"அந்த ஆளேதான் ஆஃப் பண்ணியிருக்கான். எப்ப மாத்தினான்னு எடுத்துக் குடும்மா," என்றார் மேனேஜர் பூபதி.

சென்சாரின் செட்டிங் எல்லாம் ஒரு சின்ன ஃபைலில் இருந்தன. அதை அவள் திறக்கவில்லை. காப்பியும் எடுக்கவில்லை; எடுத்தால் காப்பியில் இன்றைய நேரம்தான் விழும். ஒரு ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்று கேட்க, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியிலேயே getmtime என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓடவிட்டாள்.

நீளமாக ஓர் எண் வந்தது. கம்ப்யூட்டர் 1970லிருந்து எண்ணிக்கொண்டு வரும் நொடிகள். இன்னொரு வரி எழுதி அதைத் தேதியும் மணியுமாக மாற்றினாள்.

நேற்று விடியற்காலை. இரவு ஷிப்ட் முடிவதற்கு முன்னால்.

"அந்த நேரத்துல அவரு காலை ஷிப்டுக்கு வர உத்தனப்பள்ளியில பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாரு சார்."

உனக்கு எப்படித் தெரியும் என்று பூபதி கேட்கவில்லை. சென்சாரை அணைத்தால் மிஷின் இடையில் நிற்காமல் ஓடும்; எப்படியாவது டார்கெட்டை முடியுங்கள் என்று இரவு ஷிப்டுக்குச் சொன்னது அவர்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த நேரத்த மாத்த முடியுமா?"

முடியும். நேரத்தைப் படிக்கிற அதே லைப்ரரியில், மாற்றி எழுதுவதற்கு utime இருக்கிறது. ஒரே வரி.

கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கண் எரிந்தது. அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

"முடியும் சார். ஆனா மாத்த மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் மதியம் வருவதாக அனுப்பியிருந்த மெயிலுக்கே பதிலாக, திரையில் இருந்ததை அப்படியே அனுப்பினாள். பூபதி பேசிக்கொண்டே போனார். அப்ரைசல், கம்பெனி பேரு, உன் எதிர்காலம் என்று துண்டுதுண்டாகக் காதில் விழுந்தது.

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள்.

"அரை நாள் லீவு வேணும் சார். ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவுக்குச் சோறு ஊட்டணும். வலது கையில கட்டு."

பூபதி திரும்பி மிஷினைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்கப்பா பேரு என்னம்மா?"

விபத்து நடந்ததிலிருந்து, அடிபட்டவரின் பேரை அவர் கேட்பது இப்போதுதான்.

"கங்கப்பன் சார்."